நம்ம தோட்டம் எந்தத் திணை?

பள்ளிக்கூடத்தில் ஐந்திணையை ஒரு கட்டமாகத்தான் பெரும்பாலோர் படித்திருப்போம். இடப்பக்கம் வரிசையாகக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. மேலே நிலம், பொழுது, தெய்வம், மரம், பறவை, ஒழுக்கம். மனப்பாடம் செய்து தேர்வுத்தாளில் இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்தால் அதோடு சரி. குறிஞ்சிக்கு முருகன், மருதத்துக்கு எருமை என்று ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கட்டத்தில் தப்பில்லை. அதை எதற்குப் போட்டார்கள் என்பதுதான் விட்டுப்போனது. இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்புவதைப் பாட மலையும் மழையும் எதற்கு? அப்போது மணி என்ன, எந்தப் பறவை கத்தியது என்றெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்? இதற்கு விடை தெரிந்தால் கட்டம் தானாக மனத்தில் நிற்கும். உதாரணம் தேடி மதுரைக்கும் போக வேண்டாம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே இருக்கிற சுங்கை சிப்புட்டும் அதைச் சுற்றிய கித்தா (ரப்பர்), செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களும் போதும்.

முதலில் அடிப்படை. சங்கப் பாடல்களை அகம், புறம் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். போர், கொடை, அரசன், சாவு எல்லாம் புறம். காதலும் குடும்பமும் அகம். அகப்பாட்டுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: காதலிப்பவர்களின் பெயரைச் சொல்லக்கூடாது. தொல்காப்பியமே இதைச் சொல்லிவிடுகிறது. தலைவன், தலைவி, அவ்வளவுதான். பெயர் வந்துவிட்டால் அது அந்த இரண்டு பேர் வீட்டுச் சமாச்சாரம். பெயர் இல்லாதவரை அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் போய் நின்று பார்க்கலாம்.

இந்த அகப்பாட்டுக்குள் மூன்று சரக்குகள் இருக்கும்: முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். பாடநூல்கள் முதற்பொருளில் தொடங்கும். நான் கடைசியிலிருந்து வருகிறேன், புரிய அதுதான் சுலபம்.

உரிப்பொருள் என்றால் அந்த இருவருக்கிடையே என்ன நடக்கிறது என்பது. ஐந்து நிலைகள். புணர்தல், அதாவது சேர்வது. பிரிதல். இருத்தல், அதாவது வருவார் என்று பொறுத்திருப்பது. இரங்கல், பொறுக்க முடியாமல் வருந்துவது. ஊடல், கோபித்துக்கொள்வது. குறிஞ்சிக்குச் சேர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல், மருதத்துக்கு ஊடல்.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஐந்தில் ஒன்றுதான் சேர்ந்திருப்பது. மிச்சம் நான்கும் ஏதோ ஒரு வகையில் தள்ளி இருப்பது. காதல் என்றாலே கூடிக் களிப்பது என்று நாம் நினைக்கிறோம். இந்த இலக்கணத்தைச் செய்தவர்கள் காத்திருப்பதையும் சண்டை போடுவதையும் அழுவதையும் காதலுக்கு வந்த கோளாறாக நினைக்கவில்லை. அதுவும் காதல்தான் என்று ஆளுக்கொரு நிலத்தையே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கோட்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இருத்தலுக்கும் இரங்கலுக்கும் என்ன வித்தியாசம் என்று பலர் குழம்புவார்கள். எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு இது தெரியும். கணவர் ஜோகூர் பாருவில் தங்கிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்று வையுங்கள். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினால் சனிக்கிழமை காலை பசியாற வந்துவிடுவார். அதை நம்பி வீட்டைக் கூட்டி, மீனுக்குச் சொல்லிவைத்து, பிள்ளைகளை அதட்டித் தூங்கவைப்பது இருத்தல். அவர் மாதக்கணக்கில் வரவில்லை, போன் அடித்தாலும் எடுக்கவில்லை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்றால் அது இரங்கல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். உள்ளே நடப்பது வேறு. அந்த வேறுபாட்டை நேராகச் சொல்ல முடியாது என்பதால்தான் முதற்பொருள் வருகிறது.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். பொழுதில் இரண்டு வகை. ஆண்டை ஆறாகப் பிரித்தால் பெரும்பொழுது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். நாளை ஆறாகப் பிரித்தால் சிறுபொழுது: வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். எற்பாடு என்பது சூரியன் சாய்கிற நேரம், யாமம் நடுநிசி.

ஒவ்வொரு திணைக்கும் ஒரு நேரம் கொடுத்ததில் காரணம் இருக்கிறது. குறிஞ்சிக்கு மலை, குளிர்காலம், நடுநிசி. ஊர் தூங்கிவிட்டது, வழியில் யானையும் புலியும் உண்டு, அதையும் தாண்டி அவன் வருகிறான். முல்லைக்குக் காடு, கார்காலம், மாலை. மாடுகள் வீடு திரும்புகின்றன, பறவைகள் கூடு திரும்புகின்றன, அவன் மட்டும் இன்னும் திரும்பவில்லை. மருதத்துக்கு வயல், வைகறையும் விடியலும். இரவெல்லாம் வேறொருத்தி வீட்டில் இருந்துவிட்டு விடிகிற நேரத்தில் வந்து கதவைத் தட்டினால் சண்டை வராமல் என்ன வரும்? நெய்தலுக்குக் கடற்கரை, சூரியன் இறங்கும் நேரம். பாலைக்குச் சுட்டெரிக்கும் கோடை, நண்பகல், நிழலே இல்லாத வழி.

இப்போது இதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

கித்தா மரத்தில் பால் வெட்டு விடியுமுன் தொடங்கிவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு, அதாவது தங்கள் மர வரிசைக்குப் போவார்கள். வெட்டுக்கோட்டில் முந்தைய வெட்டின் பால் காய்ந்து நூல்போல ஒட்டியிருக்கும். அந்த ஒட்டுப்பாலை நகத்தால் நெம்பி உரித்துப் பையில் போட்டுக்கொண்டு, பிறகுதான் உளியை வைப்பார்கள். பட்டையில் மெல்லிய சீவல் ஒன்று சுருண்டு விழும். வெள்ளைப் பால் சாய்ந்த கோடு வழியே இறங்கி மங்கில் (கிண்ணத்தில்) சொட்டத் தொடங்கும்போது ஆள் அடுத்த மரத்துக்குப் போயிருப்பார். இவ்வளவு சீக்கிரம் போவதற்குக் காரணம் மரம்தான். அதிகாலையில் பட்டைக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியேற்றும், அழுத்தம் குறையும், ஓட்டமும் குறையும்.

ஒரு மரத்தின் உடல்வாகு ஒரு சமூகத்தின் நாளையே தீர்மானித்துவிட்டது. தாயும் தகப்பனும் இருட்டோடு கிளம்பிவிடுவார்கள், கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். தோட்டத்துப் பிள்ளைக்கு விடியல் என்றால் அம்மா இல்லாத நேரம். பால் எடுத்து, நிறுத்துப்போட்டு, அவர்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குத் திரும்பும்போது உச்சிவெயில் வந்திருக்கும். அப்போதுதான் வீட்டில் எல்லாரும் சேர்வார்கள். பழைய இலக்கணத்தில் நண்பகல் பிரிவுக்கு உரியது. கித்தாத் தோட்டத்தில் அது சேரும் நேரம், விடியல்தான் பிரியும் நேரம்.

மழையும் அப்படித்தான். முல்லைப் பாட்டில் கார்காலம் வந்தால் தலைவன் வந்தாக வேண்டும், அது அவன் கொடுத்த வாக்கு. தோட்டத்தில் காலையில் மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை. பட்டை நனைந்தால் பால் கோட்டில் நிற்காமல் வழிந்துவிடும். கூலி போயிற்று. ஆனால் அன்றைக்கு வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். கவலையும் கொண்டாட்டமும் ஒரே கூரைக்கடியில் உட்கார்ந்து வரக்கோப்பி குடிக்கும். இதை அனுபவித்த யாரிடமும் முதற்பொருள் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் என்று சொல்லாமல் ‘சேர்ந்தோம்’, ‘பிரிந்தோம்’ என்றால் அதில் பாதிதான் இருக்கிறது.

அடுத்தது கருப்பொருள். அந்த நிலத்தில் இருக்கும் எல்லாமும்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். இதை இன்னொரு பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட நம் ஊருக்கு நாமே ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்பது நல்லது.

தெய்வம், மாரியம்மன், எல்லையில் முனியாண்டி. மரம், கித்தாவும் செம்பனையும். இந்த மண்ணுக்கு இரண்டுமே வந்தேறிகள். கித்தா அமேசான் காட்டு மரம், 1877இல் இங்கே வந்து சேர்ந்தது. அப்போது நட்டவற்றில் சில பக்கத்துக் கோலகங்சாரில் நடப்பட்டவை. செம்பனை ஆப்பிரிக்க மரம். பறவை, கூகை, செம்பனைக் காட்டில் எலியைப் பிடிக்கக் கூண்டு வைத்தே வளர்க்கிறார்கள். பறைக்குக் கோயில் திருவிழா மேளம். யாழுக்கு என்ன போடுவது என்று யோசித்தால், லயத்து வீடுகளில் வரிசையாக ஒலித்த தமிழ் ஒலிபரப்பான ஆறாம் வானொலிதான். இப்போது அதற்கு மின்னல் என்று பெயர். உணவு ஆளுக்கு ஆள் சண்டை வரும், அதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

தொழிலைப் பற்றி மட்டும் ஒரு செய்தி. 1981க்கு முன்பு பல செம்பனைத் தோட்டங்களில் பூவுக்குப் பூ மகரந்தம் சேர்ப்பது ஆட்கள் கையால் செய்கிற வேலை. அந்த ஆண்டு கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். செம்பனையின் சொந்த நாட்டில் அந்த வேலையைச் செய்வது அதுதான். அதோடு கைவேலை போயிற்று. கருப்பொருளில் ஒரு பூச்சி மாறினால் தொழில் மாறும், யார் யாரோடு சேர்ந்து காட்டுக்குள் நடந்தார்கள் என்பதும் மாறும். இயற்கையைப் பின்னணித் திரையாக வைக்காமல் கருப்பொருளாக வைத்ததன் அர்த்தம் இதில் தெரிகிறது.

பழைய கருப்பொருள்களில் சில இங்கேயும் கிடைக்கும். குறிஞ்சிப் பாடல்களில் அடிக்கடி வரும் வேங்கை மரம் நினைவிருக்கிறதா? பாறைமேல் அதன் மஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடந்தால் இரவில் புலிக்குட்டி படுத்திருப்பதுபோலத் தெரியும் என்று ஒரு பாட்டு. இங்கே சாலையோரம் நிற்கும் அங்சானா, வேங்கையின் நெருங்கிய சொந்தம். வறட்சிக்குப்பின் ஒரு மழை பெய்தால் சில நாளில் மரம் முழுக்க மஞ்சளாகிவிடும். ஒரு பூவுக்கு ஆயுள் ஒரே நாள். மறுநாள் காலை கார் கண்ணாடியெல்லாம் மஞ்சள் பூ, துடைப்பானைப் போட்டுத் தள்ளிவிட்டு நாம் வேலைக்குப் போகிறோம். சரி, நானும் அப்படித்தான் போகிறேன்.

கருப்பொருளின் உண்மையான வேலை பேச்சில் தெரியும். பாட்டி ஒருத்தி சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்குப் போன் போடுகிறார். ‘நல்லா இருக்கியாப்பா, பசியாறிட்டியா?’ அப்புறம் சொல்கிறார்: ‘பொறத்தால உள்ள ரம்புத்தான் நல்லா செவந்துபோச்சு. கொரங்கு வந்து தின்னுட்டுப் போவுது.’ அவ்வளவுதான், போனை வைத்துவிடுகிறார். வா என்று சொல்லவில்லை, எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. ஆனால் பேரனுக்குப் புரிந்துவிடும், லீவு கேட்க வேண்டும் என்று. பழமும் குரங்கும் பேச வேண்டியதைப் பேசிவிட்டன. சங்கப் பாடல்கள் இதைத்தான் முறையாகச் செய்கின்றன. உள்ளுறை, இறைச்சி என்று இதற்கு நுணுக்கமான பிரிவுகள் உண்டு. தொடக்கத்தில் அந்தச் சண்டைக்குள் போக வேண்டாம்.

மூன்று பொருளும் ஒன்றாக வேலை செய்வதைப் பார்க்கக் குறுந்தொகையில் ஒரு முல்லைப் பாட்டு போதும், அறுபத்தாறாவது. கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. ஆனால் கொன்றை பூத்துவிட்டது. தலைவிக்கு நெஞ்சு பதறுகிறது. அப்போது தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றைக்கு அறிவே இல்லை, காலமில்லாத காலத்தில் பெய்த மழையைக் கார் என்று நம்பிக் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொலைத்திருக்கிறது. அதாவது, அவன் வாக்குத் தவறவில்லை, மரம்தான் தப்புக்கணக்குப் போட்டுவிட்டது. மரம் பொய் சொல்லாது என்று தோழிக்கும் தெரியும், கேட்கிறவளுக்கும் தெரியும். இருந்தாலும் அன்றைய மாலையைக் கடக்க அந்தப் பொய் வேண்டியிருக்கிறது.

இங்கே தோழியைக் கவனியுங்கள். அகப்பாட்டில் காதலர்கள் மட்டும் பேசுவதில்லை. தோழி பேசுகிறாள், வளர்த்த செவிலித்தாய் பேசுகிறாள், பெற்ற தாய் பேசுகிறாள், வழியில் பார்த்தவர்கள்கூடப் பேசுகிறார்கள். மகள் காதலனோடு போய்விட்டாள் என்று தெரிந்ததும் செவிலி பாலை வழியில் எதிர்ப்படுகிறவர்களை நிறுத்தி விசாரிக்கும் பாடல்கள் உண்டு. காதல் இரண்டு பேர் சமாச்சாரம் என்பது புதிய எண்ணம். இந்தப் பாடல்களில் அதைத் தாங்கிப் பிடிக்கக் குறைந்தது இன்னும் இரண்டு மூன்று பேர் வேண்டும்.

தோட்டத்து ஆயாக் கொட்டகையை எனக்குச் செவிலியின் இடமாகத்தான் பார்க்கத் தோன்றுகிறது. பிள்ளை முதலில் நடந்தது, முதலில் பேசியது எல்லாவற்றையும் அம்மாவுக்கு முன்பே அந்த ஆயா பார்த்திருப்பார். லயத்தில் தோழிக்கும் பஞ்சமில்லை. ஒரே கூரை, நடுவில் சுவர். இந்த வீட்டில் சட்டி விழுந்தால் அந்த வீட்டில் ‘என்னா ஆச்சு?’ என்று கேட்கும். அதற்காக லயத்தைப் புகழ்ந்து தள்ளவும் மாட்டேன். தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் பட்ட பாடு, குடித்துவிட்டு வந்தவர்கள் அடித்த அடி, அதெல்லாம் அதே சுவர் வழியாகத்தான் கேட்டது. தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தபிறகு ஆளுக்கொரு கேட், கேட்டுக்கு ஒரு பூட்டு. நிம்மதிதான். பூத்த மரத்தைத் திட்டி நம்மைத் தேற்ற ஆள் கிடைப்பது மட்டும் கடினமாகிவிட்டது.

இனித் தலைப்பிலுள்ள கேள்விக்கு வரலாம். தோட்டம் எந்தத் திணை?

கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், அது குறிஞ்சி. அந்தப் பக்கத்து ஒராங் அஸ்லி பழங்குடி மக்களிடம் தினை விளைவிக்கும் வழக்கம்கூட உண்டு. மேற்கே போனால் லூமுட் கடற்கரை, நெய்தல். இரண்டுக்கும் நடுவில் காட்டை அழித்து வரிசையாக மரம் நட்ட இடம்தான் தோட்டம். முல்லை நிலத்தில் மருதத்து வேலை. திணைகள் ஒன்றோடொன்று மயங்கி வரலாம் என்று தொல்காப்பியம் இடம் கொடுத்திருக்கிறது, அதனால் இதற்காக ஆறாவது திணை ஒன்றை உண்டாக்கத் தேவையில்லை.

என் கருத்து, தோட்டத்தின் உரிப்பொருள் பாலை. காரணம் பாலையின் இலக்கணத்திலேயே இருக்கிறது. மற்ற நான்குக்கும் நிலம் உண்டு, பாலைக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வறண்டு, இயல்பு கெட்டு நின்றால் அதுதான் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்லும். தோட்டத்து மக்கள் ஒரு பிரிவில் தொடங்கியவர்கள். ஊரை விட்டு, கடல் தாண்டி, பெற்றவர்கள் முகத்தைத் திரும்பப் பார்க்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். வந்து காலூன்றிய மண்ணும் சொந்தமில்லை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். தோட்டம் கைமாறினால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். தொழிலாளர்கள் தவணையாகக் கட்டிய பங்குப் பணத்தைச் சேர்த்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களையே வாங்கினார்கள். முதற்பொருளைக் காசு கொடுத்து வாங்கிய கதை என்று இதைச் சொல்லலாம். எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போதைய பிரிவு சிறியது, அடிக்கடி வருவது. படித்த பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். தீபாவளிக்கு ஊர் நிறைந்து மறுவாரம் காலியாகிறது.

முடிப்பதற்குமுன் இரண்டு சொல்ல வேண்டும். ஐந்து திணை என்று சொன்னாலும் தொல்காப்பியம் ஏழு சொல்கிறது: ஒருதலைக் காமம் கைக்கிளை, பொருந்தாக் காமம் பெருந்திணை. இரண்டுக்கும் நிலம் கொடுக்கவில்லை. எங்கும் நடக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

மற்றது, எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்பது. குறுந்தொகை நல்லதுதான், ஆனால் அதில் திணைகள் கலந்து கிடக்கும். ஐங்குறுநூறு திணைக்கு நூறாகப் பிரித்து அடுக்கியது, ஒவ்வொரு பாட்டும் மூன்று முதல் ஆறு அடிதான். உரையோடு கூடிய பதிப்பாக வாங்குங்கள். பாட்டைத் திறந்ததும் அருஞ்சொற்பொருளுக்குப் பாயாமல், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். அப்புறம் நேரம் என்ன, பருவம் என்ன. அப்புறம் எந்த மரம், எந்த விலங்கு, அது என்ன செய்துகொண்டிருக்கிறது. உணர்ச்சியைக் கடைசியில் தேடினால் போதும், அதற்குள் அது கிடைத்திருக்கும். எங்கள் ஊர்க்காரர் யாராவது கேட்டால் நான் பாலை நூறிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். அவர்களுக்கு அதில் அருஞ்சொல் அதிகம் இருக்காது.